இரண்டாம் பாகத்து வீடு

"இது ஊடாங்க? சீட்டுக்கட்டாட்டம் கலைச்சுக் கலைச்சுப் போட்டா, அதுக்குப் பேரு ஊடா?"

தனப்பிரியாவின் குரல் வாசல் தாண்டி வந்தபோது எதிர்ப் பட்டறையில் ஒரு தறி நின்றது. இழை அறுந்துவிட்டதாகச் சொன்னார்கள். இழையெல்லாம் அறுந்திருக்கவில்லை, குமாரபாளையத்தில் தறிச் சத்தத்தை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்க முடியாது, அவ்வளவுதான். மாமியார் வசந்தாமணி வாஸ்துக்காரர் பேச்சைக் கேட்டுச் சமையலறையை இடம் மாற்றியதும், மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்ததும் ஊரறிந்த விஷயம். அதுதான் வெடித்துவிட்டது என்று தெரு தீர்மானித்தது. பக்கத்து வீட்டுச் சௌந்திரம் உறைமோர் கேட்கிற சாக்கில் உள்ளே போய், முகம் தொங்கிப்போய்த் திரும்பினார். மாமியாரும் இல்லை, வாஸ்துவும் இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் டிவியில் ஆடுகிற விளையாட்டுக்காகக் கத்திக்கொள்கிறார்களாம்.

கன்ட்ரோலரைக் கீழே வைக்காமலே ஈஸ்வர் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான். "அதுதான பிரியா சுவாரசியமே? ஒவ்வொரு தடவையும் புது ஊடு."

"உங்களுக்கு நம்ம ஊடே தெனமும் புதுசுதானுங்க. வண்டிச் சாவி எங்கன்னு கேக்காம ஒரு நாளாச்சும் வெளிய போயிருக்கறீங்களா?"

அதில் நியாயம் இருந்தது. கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து ஆடியது அந்த விளையாட்டின் முதல் பாகம். ஒரே ஒரு பழைய பங்களா. கருக்கலில் பின்கட்டுக் கிணற்றிலிருந்து ஒருவன் ஏறி வருவான். யாரும் கூப்பிடாமல் வந்து, ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து பார்ப்பான். திறப்பானே தவிர மூட மாட்டான். இந்த லட்சணத்துக்காக அவனுக்குச் சம்பந்தி என்று பெயர் வைத்து, வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சம்பந்தி முன்கூடத்துக்கு வருவதற்குள் வாசற்கதவைத் தாண்டிவிட வேண்டும். மொத்த விளையாட்டும் அதுதான். துண்டுக்கும் லுங்கிக்கும் கம்ப்யூட்டரில் கரை டிசைன் போடுகிறவள் தனப்பிரியா. ஒரு முறை பார்த்த கோடு அவள் கண்ணை விட்டுப் போகாது. எந்தப் பலகை முனகும், எந்தத் திருப்பத்தில் அவன் நிழல் முதலில் விழும் என்பதெல்லாம், நாமகிரிப்பேட்டையில் தான் பிறந்த வீட்டைவிட நன்றாக அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் அந்தத் திருப்பம் வரும்போது உள்ளங்கை வியர்க்கும்.

இரண்டாம் பாகத்தில் அந்தப் பிடிமானமே இல்லை. ஒவ்வொரு முறை செத்தவுடனும் விளையாட்டே வீட்டைக் கலைத்து வேறு வீடாக அடுக்கிவிடும். நேற்று மாடிக்குப் போன படி இன்று நிலவறைக்குப் போகும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு சாவுக்கும் சம்பந்தி ஓர் அறை கிட்டத்திலிருந்து கிளம்புவான்.

"பழகாத ஊட்டுல என்னங்க பயம் வரும்? எரிச்சல்தான் வருது. எந்த மூலையப் பாத்துப் பயப்படறதுன்னே தெரியல," என்றாள். படித்ததையெல்லாம் தண்ணீரில் கரைத்துவிட்டு மறுபடி முதல் வகுப்பில் உட்காரச் சொன்ன மாதிரி இருந்தது அவளுக்கு.

விருட்டென்று எழுந்து படுக்கையறைக்குப் போனாள். வாசலில் நின்று, இருட்டில், வழக்கம்போல இடதுகையை உள்ளே நீட்டி ஸ்விட்சைத் தடவினாள்.

சுவர்தான் இருந்தது. மேலே தடவினாள், கீழே தடவினாள். சுண்ணாம்பின் சொரசொரப்பு மட்டும். ஸ்விட்ச் வலப்பக்கம் இருந்தது.

வசந்தாமணியிடம் போய், வாஸ்துக்காரர் இப்போது ஸ்விட்சிலும் கை வைத்துவிட்டாரா என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள்.

"அது எப்பவும் அந்தப் பக்கந்தானே சாமி?" என்றார் வசந்தாமணி. அவர் முகத்தில் கேலி இல்லை. ஈஸ்வரைக் கேட்டுப் பயனில்லை. அவன் ஸ்விட்ச் இருக்கிற பக்கத்தை எந்தக் காலத்திலும் கவனித்தவன் இல்லை. முந்தின நாள் காலை, வாளியில் போட்டிருந்த ஹீட்டர் கம்பி சுரீரென்று இழுத்துத் தன்னைக் குளியலறைச் சுவரில் அடித்ததால்தான் தலை இப்படிக் குழம்புகிறது என்று அவளே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. எழுந்து நின்றாள், தலை துவட்டினாள், தோசை வார்த்தாள்.

மறுநாள் மதியம் பின்னாலிருந்த தறிக்கொட்டகையில், ஓடாத தறிகளுக்கு நடுவே, நூல் அலமாரியின் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. பூனை என்றார் வசந்தாமணி. தாழ்ப்பாளைத் தூக்கத் தெரிந்த பூனை.

சித்திரையில் மொட்டைமாடிப் படியில் சோப்புத் தண்ணீர் வழுக்கியது. கால் அந்தரத்தில் போனது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கைப்பிடியைப் பிடித்ததும் நினைவிருந்தது. பிடித்தாள்தானே? இரண்டுக்கும் இடையில் ஒரு மொட்டைச் சத்தம், தேங்காய் விழுந்தாற்போல. அடுத்த நாள் துணி எடுக்கப் போனபோது படி மேற்கே திரும்பியிருந்தது. கட்டிய நாளிலிருந்து கிழக்கே திரும்பிய படி. அதே உடைந்த சிமென்ட் மூலை, அதே துரு. திசை மட்டும் வேறு. படியின் நடுவில் நின்றவளுக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. அன்று சாயங்காலம் தறிச் சத்தத்துக்கு அடியில், நூலுக்குப் போடும் கஞ்சிப் பசை மணத்தோடு ஒரு பாசி பிடித்த கிணற்று வாடை கலந்து வர, சாமான் அறையில் ஒரு மரக்கதவு திறந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மூடுகிற சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள். அது வரவேயில்லை.

வைகாசியில் பவானிப் பாலத்தில், டிசைன் கொடுக்கப் போன ஸ்கூட்டியை நூல் மூட்டை ஏற்றிய லாரி உரசிக்கொண்டு போனது. உரசியதுதான். முட்டி கூடச் சிராய்க்கவில்லை. டீக்கடையில் நின்றவர்கள் ஏன் வாயில் கை வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார்கள், வண்டியை எடுத்துக்கொண்டு நடந்த தன்னை ஏன் ஒருவரும் பார்க்கவில்லை என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் கண்விழித்தபோது படுக்கையறை கூடத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. ஜன்னலில் எப்போதும் தெரியும் சாயப்பட்டறைப் புகைபோக்கியைக் காணோம். அந்த இடத்தில் சௌந்திரத்தின் கொடியும், கொடியில் சௌந்திரத்தின் பாவாடையும், கொடிக்குப் பின்னால் சௌந்திரமும் இருந்தார்கள்.

"ஏனுங்கக்கா, நீங்க அந்தப் பக்கந்தானுங்களே?"

"நான் எப்பவும் இந்தப் பக்கந்தானே கண்ணு," என்றார் சௌந்திரம். அன்றைக்கே தெரு முழுக்கச் செய்தியும் போய்விட்டது: அந்தப் பெண்ணுக்கு ஏதோ சரியில்லை.

கூடத்தில் ஈஸ்வர் இரண்டாம் பாகத்தில் மூழ்கியிருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்விட்ச், படி, அறை என்று எல்லாவற்றையும் கோத்துச் சொன்னாள். ஊடு மாறுதுங்க, என்றாள். திரையிலிருந்து கண் எடுக்காமல், விளையாட்டைச் சொல்கிறாள் என்று நினைத்து, அவன் பதில் சொன்னான்.

"சும்மா மாறாது பிரியா. செத்தாத்தான் மாறும்."

எதிர்ப் பட்டறையில் தறிகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. அவளுக்குக் கேட்கவில்லை. ஹீட்டர். படி. லாரி. அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் அவள் செய்ததையெல்லாம் தெரு சொல்லிச் சொல்லிச் சிரித்தது. பச்சைத் தண்ணீரில் குளித்தாள். துணியைக் கூடத்திலேயே காயப்போட்டாள். ஸ்கூட்டியைத் தொடவில்லை. இன்னொரு முறை வீட்டைக் கலைக்க விடக்கூடாது. கலைத்தால் சம்பந்தி கூடத்துக்கு வந்துவிடுவான். சமையலறை வரைக்கும் வந்துவிட்டான் என்பதற்கு, காலையில் வாய் பிளந்து நிற்கும் மசாலா அலமாரி சாட்சி. நாமகிரிப்பேட்டைக்குப் போய்விடலாம் என்று ஈஸ்வரிடம் கெஞ்சினாள். "ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்," என்றான். அதுவரைக்கும் ஒரே வழிதான். தினமும் கண்ணை மூடிக்கொண்டு வீட்டை நடந்து பழகினாள், முதல் பாகத்தைப் பழகிய மாதிரி. சமையலறை, நடு அறை, கூடம், வாசல். தன் சீர் பீரோவை மட்டும் படுக்கையறையில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அதன் கைப்பிடி திருகும்போது எழுகிற கடக் என்ற சத்தம் தெருவுக்கே கேட்கும். அது ஒரு காவல்.

வெள்ளிக்கிழமை வசந்தாமணி வாசல் நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டு, ராசிபுரத்தில் ஒரு வளைகாப்புக்குக் கிளம்பினார். ஈஸ்வர் ஈரோட்டுக்குத் துணி கொண்டுபோயிருந்தான். அன்று மாதாந்திரப் பராமரிப்பு, கரன்ட் கிடையாது. தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றபோது ஊருக்கே காது அடைத்த மாதிரி ஆனது. தண்ணீர்க் குழாய் சொட்டுவது கேட்டது. எங்கோ ஒரு காகம் கூரைத் தகரத்தில் நடப்பது கேட்டது. அவள் வாசற்கதவை ஒட்டிக் கூடத்தில் பாய் விரித்து, எதையும் தொடாமல், எங்கும் போகாமல், கதவின் மரவாசனையை முகர்ந்துகொண்டு சுவரோரமாகப் படுத்தாள். படுத்தே இருந்தால் சாக முடியாது என்று நினைத்தாள். புழுக்கம். நெஞ்சில் ஏதோ ஒரு நெருடல், வாயுவாக இருக்கும். கண்ணை மூடினாள்.

விழித்தபோது கிணற்று வாடை.

இருட்டு. மதியம்தானே? பாய் இருந்தது. பக்கத்தில் இருந்த கதவு இல்லை. தலைக்கு மேலே மின்விசிறி தப்பான மூலையில் தொங்கியது. நெருடல் போய்விட்டிருந்தது. நெஞ்சில் எதுவுமே இல்லை.

உள்ளே எங்கோ ஒரு கதவு திறந்தது. மூடவில்லை.

எழுந்தாள். தெரிந்த வழி. சமையலறை, நடு அறை, கூடம், வாசல். கண்ணை மூடி நடந்தாள். தோள் சுவரில் இடித்தது. திரும்பினாள். படி. இங்கே படி கிடையாது. மறுபடி திரும்பினாள். இன்னொரு கதவு திறக்கும் சத்தம். கிட்டத்தில். எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. இடதுகையால் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். கரன்ட் இல்லை என்பது தெரியும். ஆனாலும் ஸ்விட்சைத் தேடியது கை. மேலே. கீழே. சுண்ணாம்பு. சுண்ணாம்பு. இந்த வீட்டைப் பழக இன்னும் ஒரு மாதம் வேண்டும். ஒரு வாரம் போதும். ஒரு நாள்.

கூடம்.

வெளிச்சக்கீற்று ஒன்று எங்கிருந்தோ விழுந்தது. மாவிலைத் தோரணம் தெரிந்தது. ஓடினாள். கீழே நிலைப்படி; காலையில் பூசிய மஞ்சள்; குங்குமம். கையை நீட்டிக் கதவைத் தள்ளினாள்.

சுவர்.

தோரணத்துக்குக் கீழே, நிலைப்படிக்கு மேலே, வெறும் வெள்ளைச் சுவர். விரிசல் கூட இல்லை. மஞ்சள் இன்னும் ஈரம். உள்ளங்கையெல்லாம் ஒட்டியது.

இடுப்பைத் தொட்டாள். சாவி இருந்தது.

முதுகுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், கடக்.

தனப்பிரியாவின் சாவைப் பற்றித் தெருவில் இன்றைக்கும் குரல் உயர்கிறது. ஹீட்டர் ஷாக், பங்குனியில், நானே குளிப்பாட்டினேன் என்பார் சௌந்திரம். சித்திரையில் மாடிப்படி, பாடை தூக்கியவன் நான் என்பார் எதிர்ப் பட்டறை காளிதாஸ். இரண்டுமில்லை, பாலத்து லாரி, மருத்துவமனைக்கு நான்தான் போனேன் என்பாள் கடைசி வீட்டு அமுதவல்லி. மூவரும் எழவுக்குப் போய் வந்தவர்கள், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதில்லை. கரன்ட் நின்ற அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்டால், அன்றைக்கு என்ன, சும்மா இருந்தோம் என்கிறார்கள்.

ஈஸ்வர் அடுத்த தையில் மோனிஷா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, சேலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போய்விட்டான். பாகம் மூன்று வரப்போகிறதாம். வசந்தாமணி மோகனூரில் தங்கையோடு இருக்கிறார். வெள்ளிதோறும் நிலைப்படிக்கு மஞ்சள் பூசச் சொல்லிச் சாவியைச் சௌந்திரத்திடம் கொடுத்திருந்தார். சௌந்திரம் ஆடி வரைக்கும் பூசினார். ஒரு வெள்ளி, தறிகள் நின்ற நேரத்தில், பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் உள்ளங்கை தடவும் சத்தம் கேட்டது. மேலே. கீழே. இருட்டில் ஸ்விட்ச் தேடுகிற மாதிரி. அவர்தான் எதையும் பார்க்காமல் விடுகிறவர் இல்லையே, திறந்தார். கூடம் காலியாக இருந்தது. நாலு சுவரிலும், இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரம் வரை, ஓரிடம் விடாமல் மஞ்சள் விரல்கள். தடவும் சத்தம் அடுத்த அறைக்குப் போயிருந்தது. திறந்த வாசலுக்கு நேர் எதிர்ப்பக்கமாக, அவசரமாக.

சௌந்திரம் இப்போது ஜேடர்பாளையத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். கதவைச் சாத்தினீர்களா என்று கேட்டால், எழுந்து போய் மகள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வருகிறார்.