காம்பியோ சொல்லாத ஒவிதியா

கிட்டே வாங்க கண்ணுகளா, போர்வைக்குள் ஒண்டிக்கொள்ளுங்கள். போர்த்தோ ரிக்கோ மலையில், சூறாவளி நாளில் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே புயலடித்தால் போன் செத்துவிடும். வாக்கி-டாக்கிதான் துணை. ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் மற்றவர் குரல் ஏறாது. அதனால் ஊருக்கு ஒரு சட்டம்: ஒருவர் 'அவசரம்' என்று கூப்பிட்டால், அவரே 'காம்பியோ', அதாவது என் பேச்சு முடிந்தது என்று சொல்லும்வரை, வேறு யாரும் பொத்தானைத் தொடக்கூடாது.

ஒரு வருடப் புயலில் எரிபெர்த்தோ என்ற ஊர்க்காரன் தொட்டான். ரம் போதையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு பாடினான். அந்தப் பாட்டுக்கு அடியில், அதே சரிவில் தனியாக வாழ்ந்த ஒவிதியாவின் குரல் நசுங்கியது. "அவசரம். நான் ஒவிதியா. தகரம் என்..."

பறந்து வந்த கூரைத் தகரம் அவள் கழுத்தைப் பாதி அறுத்திருந்தது. யாருக்கும் கேட்காமலே செத்துப்போனாள்.

அடுத்த வருடப் புயலில் தன் வீட்டுக் கூரை ஆடியதும், எரிபெர்த்தோ தன் மனைவி நெரெய்தாவை இழுத்துக்கொண்டு ஒவிதியாவின் காலி வீட்டுக்கே ஓடிவந்தான். அந்தச் சரிவில் அதுதான் கான்கிரீட் வீடு. நடுப்பகல், ஆனாலும் கும்மிருட்டு. யாரோ இப்போதுதான் வடித்ததுபோல் அடுப்படியில் காப்பி வாசனை.

"வேற வீடே கிடைக்கலையா பாட்டுக்காரா?" என்றாள் நெரெய்தா. "அவ உன்னை விருந்துக்கா கூப்பிட்டா?"

"செத்தவளுக்கு எதுக்குடி வீடு? பேசாம உட்காரு."

ஜன்னல் பிய்ந்தது. உள்ளே பாய்ந்த தகரம் நெரெய்தாவின் தொடையைப் பிளந்தது. ரத்தம் சுவரில் பீச்சியடித்தது.

அவன் வாக்கி-டாக்கியைப் பிடுங்கி எடுத்தான். பொத்தானில் விரல் படுமுன்பே குரல் வந்தது.

"அவசரம். நான் ஒவிதியா. தகரம் என்..."

மறுபடியும் அதே.

மறுபடியும்.

"அவ முடிக்கட்டும்யா," நெரெய்தா முனகினாள். "விரலை எடு."

"அதுக்குள்ள நீ செத்துருவடி."

அவன் பொத்தானை அழுத்திக் கத்தினான்.

தரையில் கிடந்த தகரம் எழுந்தது.

அந்த நொடி காற்றே இல்லை.

அவன் மணிக்கட்டு துண்டானது. கீழே விழுந்த கை, பொத்தானை விடவில்லை.

நெரெய்தா ரத்தத்தில் ஊர்ந்துபோய், அந்த விரல்களை ஒவ்வொன்றாக ஒடித்து விலக்கினாள்.

"...கழுத்துல இறங்கிருச்சு," என்றது வாக்கி-டாக்கி. பிறகு, களைத்த பெருமூச்சோடு, "காம்பியோ."

நெரெய்தா கூப்பிட்டாள். மேட்டு வீட்டுக்காரர்கள் கயிறோடு இறங்கி வந்து, காயங்களை இறுகக் கட்டி, இருவரையும் தூக்கிப்போனார்கள். உயிர் தங்கியது. கையை மட்டும் எத்தனை தேடியும் காணவில்லை.

இன்றும் வானம் கறுத்தால் எரிபெர்த்தோ மொட்டைக் கையைப் பிடித்துக்கொள்வான். "நெரெய்தா, இல்லாத கட்டைவிரல் வலிக்குது. எதையோ அழுத்திக்கிட்டே இருக்கு."

அதே நேரம் ஊரிலுள்ள வாக்கி-டாக்கிகளில் எல்லாம் ஒரு 'டிக்' சத்தம் கேட்கும். யாரும் பேசுவதில்லை. காப்பி வாசனை மட்டும் வரும்.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் யார் கூப்பிட்டாலும் கேட்கிற காது இருக்கட்டும். உங்கள் கூரை நிலைக்கட்டும்.