அசையாதவர்கள் வார்டு

பழைய வார்டின் பூட்டு லேசில் திறக்கவில்லை. அக்கா சாவியை இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தாள். பூட்டைக் கதவோடு சேர்த்து இடித்துப் பார்த்தாள். கடைசியில், "அம்மாவை விடப் பிடிவாதமா இருக்கே இது!" என்று அலுத்துக்கொண்டபோது அது தானாக வாயைப் பிளந்தது.

"பாத்தியா? திட்டினாத்தான் இங்க வேலை நடக்கும்," என்றாள்.

பின்னால் நின்ற தங்கை சிரித்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் பொடிசு. கல்லூரியில் புகைப்படக் கலை கடைசி வருடம் படிக்கிற அளவுக்கு வளர்ந்தும் அந்தப் பெயர் அவளை விட்டபாடில்லை. அவள் தோளில் தொங்கிய பையில் கேமராக்கள் இருந்தன. கேமரா என்றால் பிஸ்கட் டப்பா. உள்ளே கறுப்பு பெயின்ட் அடித்து, முன்பக்கம் ஊசியால் ஒரு துளை குத்தி, துளையின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருப்பாள். உள்ளே ஒரு போட்டோ பேப்பர். டேப்பை உரித்தால் படம் விழத் தொடங்கும். திரும்ப ஒட்டினால் நின்றுவிடும்.

இந்த டப்பாக்களை வைத்து அவள் செய்த முதல் வேலை கல்லூரியில் பேசப்பட்டது. சந்தைத் தெருவில், ஆள் மேல் ஆள் இடிக்கும் நேரத்தில், ஒரு மாடிக் கைப்பிடியில் டப்பாவை வைத்துவிட்டு வெகுநேரம் காத்திருந்தாள். பேப்பரைக் கழுவிப் பார்த்தால் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. கடைகள் இருந்தன, மூட்டைகள் இருந்தன, மனிதர்கள் மட்டும் இல்லை.

"அசையுறவன் பேப்பர்ல விழமாட்டான்," என்று விளக்கினார் ஆசிரியர். பாதி நாளை இருட்டறையிலேயே கழிப்பதால் மாணவர்கள் அவரை இருட்டு சார் என்பார்கள். "எது அசையாம இருக்கோ அது மட்டும்தான் விழும். அடுத்து யாருமே இல்லாத இடமா ஒண்ணு எடு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டலாம்."

யாருமே இல்லாத இடம். அக்கா நர்ஸாக இருந்த மருத்துவமனையில் அப்படி ஒன்று இருந்தது.

வார்டுக்குள் பினாயில் வாசனையும் ஈரச் சுவரின் வாசனையும் கலந்து கிடந்தன. இரண்டு பக்கமும் மெத்தையில்லாத இரும்புக் கட்டில்கள். கோடியில் ஓர் உயரமான ஜன்னல். அதன் முன்னால் கைவைத்த மர நாற்காலி ஒன்று, வெளிச்சத்தைப் பார்த்தபடி சற்றே திரும்பியிருந்தது.

"இது என்ன வார்டுக்கா?"

"கை கால் அசைக்க முடியாதவங்க இருந்த இடம். காலையில வெயில் படட்டும்னு அந்த நாற்காலில தூக்கி உக்கார வைப்பாங்களாம். நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே மூடிட்டாங்க." அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "சீக்கிரம் முடிச்சுட்டு சாவியைக் கொண்டு வந்து குடு. உன் படத்துக்காக என் வேலைக்கு உலை வச்சிடாதே."

அக்கா போனதும் பொடிசு டப்பாவை ஒரு கட்டிலின் தலைமாட்டில் வைத்து டேப்பை உரித்தாள். பிறகு பொழுது போகாமல் வார்டுக்குள்ளேயே நடந்தாள். சுவரில் உரிந்த பெயின்டைக் கிள்ளினாள். தோள் வலித்தபோது பையைக் கழற்றி ஜன்னலோர நாற்காலியின் மேல் கொஞ்ச நேரம் வைத்தாள். அப்புறம் எடுத்துக்கொண்டாள். வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்ததும் துளையை மூடிவிட்டுக் கிளம்பினாள்.

இருட்டறையின் சிவப்பு விளக்கில், மருந்துத் தண்ணீருக்குள் பேப்பர் மெல்ல உயிர்பெற்றது. கட்டில்கள் வந்தன. ஜன்னல் கன்னங்கரேலென்று வந்தது. இதில் எல்லாமே தலைகீழ். வெளுப்பு கறுப்பாக விழும். இன்னொரு பேப்பரில் பிரிண்ட் போட்டால்தான் சரியாகும்.

நாற்காலி வந்தது. அதில் கறுப்பாக ஏதோ இருந்தது.

கறை என்று நினைத்தாள். மருந்து சரியாகப் பரவவில்லை என்று நினைத்தாள். பிரிண்ட் போட்டாள்.

வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண்.

இரண்டு கைகளையும் நாற்காலியின் கைகளில் வைத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கட்டில் கம்பிகள்கூட ஓரத்தில் கொஞ்சம் கலங்கியிருந்தன, அவள் கலங்கவில்லை. பொடிசு பூதக்கண்ணாடியை எடுத்து அந்த முகத்தின் மேல் வைத்தாள். உயிருள்ள யாரை இத்தனை நேரம் படம் பிடித்தாலும் கண்கள் மட்டும் புகையாகத்தான் விழும். இமைக்காமல் யாரால் இருக்க முடியும்?

இந்தக் கண்கள் தெளிவாக இருந்தன.

வார்டு முழுக்க நடந்துகொண்டிருந்த பொடிசு படத்தில் இல்லவே இல்லை. பையை அவள் எதன் மேல் வைத்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது. நாற்காலியின் மேல் அல்ல. அந்த மடியின் மேல்.

படத்தைக் கவிழ்த்துப் போட்டாள். ஆனாலும் அந்தப் பிரிண்ட்டைக் கிழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. பயத்துக்கு அடியில் வேறொன்று துளிர்விட்டிருந்தது. இப்படி ஒரு படத்தை இந்தக் கல்லூரியில் யாரும் எடுத்ததில்லை.

இருட்டு சார் படத்தை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. யாரு மாடல்?"

"யாரும் இல்ல சார்."

"என்கிட்டயே காது குத்துறியா? யாரையோ உக்கார வச்சிருக்கே. இல்ல, முன்னாடியே படம் விழுந்த பேப்பரைத் தெரியாம போட்டிருக்கே."

பேப்பர் புதியது. அது அவளுக்குத் தெரியும். அதை நிரூபிக்க ஒரு வழியும் தோன்றியது. அதே பாக்கெட்டிலிருந்து இன்னொரு பேப்பரைப் போட்டு, தெரிந்த ஆளை அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். பழைய பேப்பராக இருந்தால் படத்தில் அந்தப் பெண்ணும் இருப்பாள், உட்கார்ந்த ஆளும் இருப்பார். எதற்காக என்று மட்டும் அவள் அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாளே.

நைட் டியூட்டி முடித்துக் கண்கள் சொருக வந்த அக்காவுக்கு அது சொர்க்கமாக இருந்தது. "சும்மா உக்காரணும், அவ்வளவுதானே? இந்த வேலையைத்தான் நான் இத்தனை வருஷமா தேடிட்டிருந்தேன்."

"நான் போதும்னு சொல்ற வரைக்கும் அசையக் கூடாதுக்கா."

"நீ இடியே போட்டாலும் அசையமாட்டேன்."

டேப்பை உரித்த சற்று நேரத்திலேயே அக்கா தூங்கிப்போனாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கைகள் நாற்காலியின் கைகளில் கிடந்தன. பொடிசு இந்தத் தடவை நடக்கவில்லை. கதவோரம் நின்று அக்காவை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. துளையை மூடிவிட்டு, அக்காவின் தோளைத் தட்டி எழுப்பி, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று மாலை பிரிண்ட் போட்டாள். நாற்காலியில் அக்கா மட்டும்தான் இருந்தாள். வெள்ளை அங்கிக்காரி எங்கும் இல்லை. பெருமூச்சு விட்டபடி பூதக்கண்ணாடியை நகர்த்தியவளின் கை நின்றது.

படத்தில் அக்காவின் கண்கள் திறந்திருந்தன.

தெளிவாக, இமைக்காமல், நேராகத் துளையைப் பார்த்துக்கொண்டு.

மறுநாளிலிருந்து அக்கா நடுநடுவே அப்படியே உறைந்து நிற்க ஆரம்பித்தாள். டீயில் சர்க்கரையைக் கலக்குவாள்; கலக்கிக்கொண்டே இருக்கும் கரண்டி நின்றுவிடும், டீ ஆறி ஆடை படியும். சீப்பைத் தலையில் வைத்தபடி கண்ணாடி முன்னால் நிற்பாள். "ஓய்வே இல்லாம உழைச்சா இப்படித்தான்," என்று அம்மா புலம்பி, மருத்துவமனைக்கு போன் செய்து லீவு சொன்னாள். லீவில் அக்கா கூடத்து நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். காலையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

பொடிசு எதிரில் போய் மண்டியிட்டாள். அக்காவின் இமைகளையே பார்த்தாள். தன் கண்கள் எரிந்து தண்ணீர் கொட்டும் வரை பார்த்தாள்.

அக்காவின் இமைகள் அசையவில்லை.

"அக்கா," என்று கிசுகிசுத்தாள். "என்னக்கா பண்ணுது?"

உதடுகள் சரியாகப் பிரியாமல் குரல் மட்டும் வந்தது.

"நீ இன்னும் போதும்னு சொல்லலையே."

"போதும்க்கா! போதும், போதும்!"

"இங்க இல்ல," என்றது அந்தக் குரல். "அங்க."

அம்மா குளிக்கப் போயிருந்த நேரத்தில் பொடிசு அக்காவின் கைப்பையிலிருந்து, அன்று திருப்பிக் கொடுக்காமல் விட்ட வார்டுச் சாவியை எடுத்தாள். அக்காவை நடத்திக்கொண்டு போவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. பீரோவை நகர்த்துகிற மாதிரி இருந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "உடம்பு சரியில்லையாம்மா?" என்றார். "ஆமாண்ணா, கொஞ்சம் வேகமாப் போங்க," என்றாள்.

இந்த முறை பூட்டு தொட்டதும் திறந்தது.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அசைகிறவர்கள் பேப்பரில் விழமாட்டார்கள். டப்பாவைக் கட்டிலில் வைத்து டேப்பை உரித்தாள். அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நடக்கா," என்றாள். "என்கூட நட. நிக்கவே கூடாது."

கட்டில்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டு நடந்தாள். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். சின்ன வயதில் அக்கா தன் மேல் பழி போட்ட கதைகள், அம்மாவின் குறட்டை, அக்காவைப் பெண் பார்க்க வந்து நாற்காலியோடு சரிந்து விழுந்த மாப்பிள்ளை. ஜன்னல் பக்கம் வரும்போதெல்லாம் அக்காவின் உடம்பு கனத்தது. நாற்காலியை நோக்கி அவள் முட்டி மடங்கியது.

வார்டுக்குள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பொடிசு தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

நாற்காலியின் கை கிறீச்சிட்டது, யாரோ அதைப் பிடித்து அழுத்துவது போல. பொடிசு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவின் இடுப்பைச் சுற்றிக் கை போட்டு, கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே சுற்றினாள். தோள் இற்றுவிடும் போலிருந்தது. வெயில் ஜன்னல் கம்பியை விட்டு இறங்கி, சுவருக்குப் போய், மங்கியது. அவள் தாவிப் போய் டேப்பை ஒட்டினாள்.

"போதும்!" என்று கத்தினாள். "போதும்க்கா, முடிஞ்சிருச்சு!"

அக்கா இமைத்தாள்.

ஒரு தடவை, இன்னொரு தடவை. பிறகு கண்களில் நீர் கோத்துக்கொண்டது. "காலெல்லாம் விட்டுப்போகுதுடி," என்று அழுதாள். "எங்கடி இருக்கோம்? நான் எப்ப இங்க வந்தேன்?" பொடிசு அவளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள்.

அன்றைய படத்தில் கட்டில்களும் ஜன்னலும் காலி நாற்காலியும் மட்டுமே இருந்தன. வேறு எதுவும் இல்லை. பொடிசு வார்டில் எடுத்த எல்லாப் படங்களையும் துண்டு துண்டாகக் கிழித்து, மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கூழாக்கினாள். கடைசித் தேர்வில் சந்தைத் தெரு மட்டும்தான் மாட்டப்பட்டது. "இந்த வருஷம் என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்டார் இருட்டு சார். "ஒருத்தரை அசையாம உக்காருன்னு சொல்றது சின்ன விஷயம் இல்லை சார்," என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அக்கா வேலைக்குத் திரும்பினாள். பழையபடி ஓடினாள், திட்டினாள், பாடினாள். வீட்டில் இரண்டு பேர் ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டிருப்பது பொடிசுக்கு மருந்து மாதிரி இருந்தது.

தேர்வு முடிந்து சாமான்களை ஒதுக்கிய ஒரு சாயங்காலம், கூடத்து அலமாரியின் மேல் ஒரு டப்பா தட்டுப்பட்டது. மிச்சமிருந்த பேப்பரை அதில் போட்டு வைத்ததாக ஞாபகம். துளையின் மேல் டேப் இல்லை. தானாக விழுந்திருக்கும் என்று தேடினாள். விழவில்லை. யாரோ பொறுமையாக உரித்து, டப்பாவின் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருந்தார்கள்.

தூக்கிப் போட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை. குளியலறையில் சிவப்பு பல்பை மாட்டி, பேப்பரை மருந்தில் இறக்கினாள். பக்கத்து அறையில் அக்கா டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சுவர் வழியாக அவள் பாட்டு கேட்டது.

கூடம் மெல்ல வந்தது. மேஜை வந்தது. நாள் முழுக்கக் கூடத்தில் நடமாடிய அம்மா இல்லை. அக்கா இல்லை. அவளும் இல்லை. ஜன்னலோர நாற்காலியில் லேசாக, புகை போல, கறுப்பாக ஓர் உரு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தது.

அதே உரு மேஜையின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தமாக.

எங்கே அதிக நேரம் நிற்கிறதோ அங்கேதான் அழுத்தமாக விழும்.

பேப்பரின் ஓரம் கடைசியாக உயிர்பெற்றது. அங்கே அக்காவின் அறைக் கதவு இருந்தது. கதவை ஒட்டி, நெற்றியைப் பலகையில் பதித்தபடி, மையைக் கொட்டினாற்போல் அது நின்றுகொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் பாட்டு பாதிச் சொல்லில் நின்றது.

"அக்கா?" என்றாள் பொடிசு.

மருந்துத் தண்ணீர் தட்டின் விளிம்பில் மோதி மோதி அடங்கியது. அதற்குப் பிறகு வீட்டில் எதுவும் அசையவில்லை.