பூஜ்யம் என்று எழுதிய கம்பி

"ஆறு மணிக்குள்ள எங்க ரெண்டு பேரையும் வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டாங்க. இப்பவே மணி ரெண்டரை," என்றாள் வந்தவள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. மருந்துக்கடையின் வெள்ளை மேலங்கியைக் கழற்றாமல் வேலையிலிருந்து நேராக ஓடி வந்திருந்தாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணியைத் தெருவில் எல்லோரும் 'நிதானம்' என்றுதான் அழைத்தார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்காக இருபது வருடம் இழப்புகளை நேரில் போய் ஆராய்ந்தவர். கடை தீப்பிடித்து எரிகிறது என்றாலும் செருப்பை மாட்டிக்கொண்டுதான் கிளம்புவார் என்று பேச்சு. பக்கத்து மேசையில் தட்டச்சர். பகலில் அவருடைய அறிக்கைகளைத் தட்டச்சு செய்வாள், மாலையில் கணினி பழுதுபார்க்கும் வகுப்புக்குப் போவாள். யாராவது வாயைத் திறந்தால் அவள் நோட்டைத் திறந்துவிடுவாள். எழுதி முடித்ததும் சரியாகத்தான் எழுதினோமா என்ற சந்தேகமும் தவறாமல் வந்துவிடும்.

"என்னம்மா காணாமப் போச்சு?" என்றார் நிதானம்.

"அப்பா புதுசா எழுதின உயில். தகரப் பெட்டியில வெச்சிருந்தார். என் வீட்டுக்காரர்தான் எடுத்தார்னு அண்ணன் சொல்றார், அப்பாவும் நம்பிட்டார்."

"அவர்தான்னு எப்படிச் சொல்றாங்க?"

"பெட்டி இருந்த இடம் அப்படி. சாமான் அறையில சுவத்துக்குள்ள ஒரு மாடம். அதை மறைச்சுக்கிட்டு டிவி ரெக்கார்ட் பண்ற கம்ப்யூட்டர் நிக்குது. அதைச் செஞ்சது இவர். இவரைத் தவிர யாரும் தொட மாட்டாங்க. அப்பா பெட்டியை வெக்கணும்னாகூட இவரைக் கூப்பிட்டுத்தான் நகத்தச் சொல்வார். முந்தாநாள் காலையில வெச்சார். நேத்து காலையில பாத்தா மாடம் காலி."

"முந்தாநாள் வேற எதுவும் நடக்கலையா?"

அவள் கசப்பாகச் சிரித்தாள். "நடந்துச்சு. அதுவும் இவர் தலையிலதான் விடிஞ்சுது. சாயங்காலம் நாலு மணிக்கு ஃபுட்பால் ஃபைனல். அப்பா கண் டாக்டர்கிட்ட போக வேண்டியிருந்துச்சு, ரெக்கார்ட் பண்ணி வெக்கச் சொன்னார். ராத்திரி போட்டுப் பாத்தா முதல் பாதி வரைக்கும் மேட்ச். அதுக்கப்புறம் ஒரு அம்மா ரோஜாச் செடிக்கு உரம் போடறாங்க."

தட்டச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து நோட்டில் முகத்தை மறைத்துக்கொண்டாள். நிதானம் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டார்.

வாசலிலேயே அண்ணி வழிமறித்தாள். "நல்லாருக்கு! குடும்பத்துக் குப்பையைக் கிளற ஆள் வேற கூட்டிட்டு வந்திருக்கியா? கூலிக்கு வந்த இவங்க உன் புருஷனை உத்தமன்னு சொல்லிட்டா நாங்க நம்பிடணுமா?"

"நம்ப வேண்டாம்மா. வழி மட்டும் விடுங்க," என்றார் நிதானம்.

கூடத்தில் பெரியவர் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். வந்தவர்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் மூத்த மகன், நிலப்பதிவு அலுவலக எழுத்தர். வீட்டுக்குள் இருக்கும்போதும் அலுவலகப் பையைத் தோளில் மாட்டி, பக்கவாட்டில் கையால் அணைத்துக்கொண்டிருந்தார்.

"கேக்கறதைக் கேட்டுட்டுக் கிளம்புங்க," என்றார் மகன். "ஆறு மணிக்கு வண்டி வரும், மாப்பிள்ளையோட மூட்டை முடிச்சை ஏத்த."

"முந்தாநாள் நாலு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"இதே சோபாவுல. ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டு முழு மேட்சும் பாத்தேன். இடத்தை விட்டு அசையல. எண்பத்தோராவது நிமிஷத்துல அந்த கோல் விழுந்துச்சே, எழுந்து குதிச்சேன்."

"ரெண்டாவது பாதியும் இந்த டிவியிலதான் பாத்தீங்களா?"

"பின்ன எங்க? டிவியில கண்ணாடி மாதிரி வந்துச்சு. இவன் பொம்மைதான் ரோஜாவைப் புடிச்சு வெச்சிருக்கு. ஒரு வீட்டுக்கு எதுக்குய்யா ரெண்டு டிவி கார்டுன்னு வாங்கும்போதே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டானா?"

தட்டச்சர் எல்லாவற்றையும் எழுதினாள். 'டிவியில் கண்ணாடி மாதிரி' என்ற இடத்தில் பேனா நின்றது. ஏதோ இடித்தது. என்னவென்று பிடிபடவில்லை. வழக்கம்போல் நாம்தான் குழம்புகிறோம் என்று பக்கத்தைத் திருப்பினாள்.

சாமான் அறையில் குற்றம் சாட்டப்பட்டவர் தரையில் குந்தியிருந்தார். மெலிந்த மனிதர், ரேடியோ மெக்கானிக். சட்டைப் பையில் திருப்புளி.

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது," என்றார் நிதானம். "இவளுக்குத் தெரியும். நீங்க ரெண்டு பேரும் பேசுங்க, நான் கேட்டுக்கறேன்."

தட்டச்சருக்குக் காது சூடானது. கணினியின் பின்புறத்தைப் பார்த்தாள். உலோகப் பட்டைகள் இரண்டு, ஒன்றின் கீழ் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கம்பி திருகப்பட்டிருந்தது. "ரெண்டும் ஒரே மாதிரி டிவி டியூனர் கார்டு, இல்லையா?"

"ஆமாங்க. வேற வேற கம்பெனி வாங்கினா ஒண்ணுக்கொண்ணு முறைச்சுக்கும். அதோட படத்தை அதுவே சுருக்கிக் குடுக்கற கார்டா பாத்து எடுத்தேன். இல்லைன்னா இந்தப் பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். மேல இருக்கறதுக்குக் கேபிள், கீழ இருக்கறதுக்கு மொட்டைமாடி ஆன்டெனா. ரெண்டு கம்பியிலயும் சீட்டு ஒட்டியிருக்கேன்."

மேல் கம்பியில் பூஜ்யம் என்றும், கீழ்க் கம்பியில் ஒன்று என்றும் எழுதிய காகிதச் சீட்டுகள். தட்டச்சருக்குச் சென்ற மாத வகுப்பு நினைவுக்கு வந்தது. அன்று இதே மாதிரி ஒரு பலகையில் ஒன்று என்று எழுதியதை முதலில் சொருகி, வகுப்பே சிரிக்க நின்றிருந்தாள். இயந்திரம் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும்.

"கூடத்து டிவிக்குப் படம் எங்கேர்ந்து போகுது?"

"இதுலேர்ந்துதான். அந்த டிவிக்குத் தனியாக் கேபிள் கிடையாது. கம்பியைப் பிரிச்சா படம் மங்கும்னு நான் பிரிக்கல. எது பதிவாகுதோ அதுதான் அங்க தெரியும். ரெண்டு கார்டும் எதுக்குன்னு எல்லாருக்கும் சொன்னேன். யாரும் காதுல வாங்கல."

"முந்தாநாள் ராத்திரி திறந்து பாத்தப்ப என்ன இருந்துச்சு?" இது நிதானம்.

"கம்பி ரெண்டும் மாறியிருந்துச்சு. மேட்சைப் பதியற மேல் கார்டுக்கு ஆன்டெனா படம் போயிருக்கு. யாரோ கழட்டியிருக்காங்கன்னு சொன்னேன். தப்பை மறைக்கக் கதை கட்டறான்னு மாமா கத்தினார். சரியா மாத்திட்டுப் போய்ப் படுத்துட்டேன். விடிஞ்சா பெட்டியைக் காணோம்னு சட்டையைப் புடிக்கிறாங்க." அவர் குரல் உடைந்தது. "நாலு மணிக்கப்புறம் மாடியில தனியாத்தாங்க இருந்தேன். சாட்சிக்கு ஒரு ரேடியோதான்."

"கம்பியைக் கழட்டாம கம்ப்யூட்டரை நகத்த முடியுமா?"

அவர் நகர்த்திக் காட்டினார். மின்கம்பி நீளமாக இருந்தது. கேபிளும் ஆன்டெனாக் கம்பியும் ஒரு சாண் வருவதற்குள் விறைத்து நின்றன.

பதிவை ஓடவிட்டார்கள். சரியாக நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. இடைவேளைக்கு ஊதினார்கள், விளம்பரம் வந்தது. நாலு நாற்பத்தேழுக்குத் திரை முழுக்கப் பொரிப்பொரியாகப் புள்ளிகள். நாலு ஐம்பத்தொன்றுக்கு ரோஜாத் தோட்டம். அதிலிருந்து கடைசி வரைக்கும் ரோஜாத் தோட்டம்தான். தட்டச்சர் மூன்று நேரங்களையும் இரண்டு முறை சரிபார்த்து எழுதினாள். முன்பு இடித்தது என்னவென்று இப்போது புரிந்துவிட்டது. ஆனாலும் சொல்லப் பயமாக இருந்தது. தப்பாக இருந்தால் ஒரு மனிதன் தெருவில் நிற்பானே.

"அக்கா," என்றாள் கடைசியில், மெதுவாக. "நான் தப்பாவும் இருக்கலாம்..."

"காதுல சொல்லு," என்றார் நிதானம். கேட்டுவிட்டு அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். நேராகச் சமையலறைக்குப் போனார்.

அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கோபத்தோடு. பலகை அதிர்ந்தது.

"முந்தாநாள் சாயங்காலம் நீங்க இங்கதானே?"

"வேற எங்க? எனக்கென்ன மேட்சு பாக்கற யோகமா? அந்தக் கத்தலைக் கேட்டுக் கேட்டுத் தலை வலிச்சுது. நல்லவேளை, அஞ்சு மணி வாக்குல அவரே சேனலை மாத்திட்டார் போல. செடிக்கு உரம் போடறதைப் பத்தி ஒரு அம்மா பேசினாங்க. தேயிலைத் தூளைப் போடச் சொன்னாங்க. நான்கூட நம்ம தொட்டிக்குப் போட்டுப் பாக்கலாம்னு நெனச்சேன்."

"ரொம்ப நன்றிம்மா," என்றார் நிதானம். அந்த வீட்டில் அன்று யாரும் யாருக்கும் சொல்லாத வார்த்தை அது. அண்ணி திகைத்துப்போய்க் கத்தியைக் கீழே வைத்தாள்.

ஐந்து மணிக்கு எல்லோரையும் சாமான் அறைக்குக் கூப்பிட்டார். மூத்த மகன் வாசற்படியைத் தாண்டவில்லை. பை இன்னும் தோளில்தான் இருந்தது. நிதானம் இரண்டு கம்பிகளையும் கழற்றிப் பெரியவர் கையில் கொடுத்தார்.

"இதைத் திரும்ப மாட்டுங்க ஐயா."

பெரியவர் முணுமுணுத்தபடி சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒன்று என்றதை மேலே திருகினார். அடுத்து அண்ணி. அவளும் ஒன்றை மேலே மாட்டிவிட்டு, "பூஜ்யம்னா ஒண்ணும் இல்லாத கம்பிதானே, இது எதுக்கு?" என்று மற்றதைத் தொங்கவிட்டாள். மூத்த மகன், "எனக்கு இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம்," என்றார். அப்பா முறைத்த பிறகு வந்தார். ஒன்று மேலே, பூஜ்யம் கீழே.

"இந்த வீட்டுல இதைத் தப்பா மாட்டத் தெரியாத ஒரே ஆள் உங்க மருமகன்தான்," என்றார் நிதானம். "மாடத்தைத் திறந்த ஆள் கம்பியை மாத்தி மாட்டியிருக்கார். அதனாலதான் ரோஜா பூத்துச்சு."

"வேணும்னே மாத்தி மாட்டியிருப்பான்!" என்று சீறினார் மூத்த மகன். "திருடனுக்கு இதுகூடத் தெரியாதா?"

"இருக்கலாம். ஆனா இந்த மெஷின் ஓடறப்போ கம்பியைத் தொட்டா அது நேரத்தோட பதிவாகும்னு அவருக்குத் தெரியும். அவர் திருடியிருந்தா ஓடாத நேரமா பாத்துத் திருடியிருப்பார். இல்லைன்னா பதிவையே அழிச்சிருப்பார். அழிக்கல. நமக்குப் போட்டுக் காட்டினார். நாலு நாப்பத்தேழுலேர்ந்து நாலு அம்பத்தொண்ணு வரைக்கும், அந்த நாலு நிமிஷத்துலதான் மாடம் திறந்துச்சு. ஐயா அப்ப கண் டாக்டர்கிட்ட. மகள் மருந்துக்கடையில. மிச்சம் ரெண்டு பேர்."

"என்னைச் சொல்றியா?" என்று அண்ணி இடுப்பில் கை வைத்தாள்.

"இல்லம்மா. நீங்கதான் எனக்குச் சாட்சி. செடிக்கு உரம் போடச் சொன்னதைக் கூடத்து டிவியிலதானே கேட்டீங்க?"

"ஆமா, இவர் மாத்தினார்னு..." அண்ணி பாதியில் நின்றாள். மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

நிதானம் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு கார்டு இருந்தா ஒண்ணு பாக்கறதுக்கு, ஒண்ணு பதியறதுக்குன்னு நீங்களா நெனச்சுக்கிட்டீங்க, சார். அதனாலதான் பதிவு கெட்டாலும் டிவி நல்லாத்தான் வந்துச்சுன்னு தைரியமாச் சொன்னீங்க. ஆனா பதிவாகறதுதான் கூடத்துல தெரியும். அஞ்சு மணிக்கு இந்த வீட்டுல அந்த மேட்ச் எங்கயும் ஓடல. நீங்க சோபாவுல இருந்திருந்தா எண்பத்தோராவது நிமிஷத்துல உரம் போடறதைப் பாத்துத்தான் குதிச்சிருக்கணும்."

தட்டச்சர் நோட்டைத் திறந்து, "டிவியில கண்ணாடி மாதிரி வந்துச்சு," என்று படித்தாள். குரல் நடுங்கினாலும் ஓர் எழுத்துகூடத் தவறவில்லை.

"இடைவேளை விட்டதும் எழுந்தீங்க. தகரப் பெட்டியை எடுத்தீங்க. பின்வாசல் வழியாப் போனீங்க. கோலை வேற எங்கயோ பாத்திருக்கீங்க."

"தெருமுனை ஜெராக்ஸ் கடையில," என்றாள் தங்கை திடீரென்று. "அங்கதான் டிவி இருக்கு."

மூத்த மகனின் முகம் வெளிறியது. "எதை வெச்சு... காகிதம் என்கிட்ட இல்ல!"

"இந்த வீட்டுல உங்க மனைவி கை படாத அலமாரி இருக்கா?" என்று கேட்டார் நிதானம். "வீட்டுக்குள்ளயும் தோளை விட்டு இறக்காத பை ஒண்ணுதான் இருக்கு."

பிறகு அண்ணிதான் போனாள். பையைப் பிடுங்கி அப்படியே தரையில் கவிழ்த்தாள். கோப்புகளுக்கு நடுவே நாலாக மடித்த காகிதம். அதோடு ஒரு நகல். பெரியவர் அதை எடுக்கவில்லை, தொடவும் இல்லை.

"சரிபாதின்னு எழுதினேன்," என்றார். "உனக்குக் குறைச்சு எழுதலையேடா."

"முழுசா எனக்குன்னு முன்னால எழுதினீங்கல்ல?" என்று கத்தினார் மகன். "நேத்து வந்தவனுக்காக மாத்துவீங்களா?"

அந்தக் கத்தல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மகன் கதவை அறைந்துகொண்டு வெளியேறினார். பெரியவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருமகன் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "வண்டியை வேண்டாம்னு சொல்லிடலாம். நடந்தது நடந்துபோச்சு. மாப்பிள்ளை இங்கயே இருக்கட்டும்."

மெக்கானிக் கணினிக்குப் பின்னால் போனார். கணினியின் மின்சாரத்தை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்துப் பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். கீழ்க் கார்டின் ஒற்றைத் திருகை அவிழ்த்து, பட்டையைப் பிடித்து அசைத்து, வெளியே உருவினார். தகட்டை மூடி மறுபடி ஓடவிட்டார். கூடத்தில் டிவி பேச ஆரம்பித்தது.

"என்னப்பா பண்றே?" என்றார் பெரியவர்.

"கேபிள் கார்டை உங்களுக்கு விட்டுட்டேன் மாமா. மேட்ச் தெரியும். எல்லாரும் கேட்டீங்களே, ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டுன்னு." கார்டைத் துணியில் சுற்றி, மூட்டையில் வைக்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தார். "ஒரு கார்டு ஒரு பக்கத்தைத்தான் பாக்கும். இந்த வீட்டுக்கு அது போதும்."

வெளியே வண்டி வந்து ஒலி எழுப்பியது. தட்டச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள்: ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கிறது. சந்தேகமாக இருந்தது. மறுபடி பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.