ஏழு பத்துக்கு வரும் புகார்

காலை ஏழு மணிக்கு அந்தக் கட்டுமானக் கம்பெனியின் படியேறிய கம்ப்யூட்டர்காரனுக்கு மனசில் ஒன்றுமே ஓடவில்லை. அவர்களுடைய கம்ப்யூட்டர், போன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது அவன் வேலை. தலைக்கு மாதம் இவ்வளவு என்று பேச்சு. ஆறு மாதமாக அவனுக்கு எதுவும் உறைப்பதில்லை. சாப்பாடு, தூக்கம், கோபம் எல்லாமே பக்கத்து வீட்டுக்காரனுக்கு நடப்பது மாதிரி இருந்தது.

மேனேஜரம்மா பில்லோடு காத்திருந்தார்.

“ஏம்ப்பா, இருக்கிறது நாப்பது பேரு. நாப்பத்தோரு தலைக்குப் பில்லு போட்டிருக்கே. ஒரு தலை எங்கேருந்து முளைச்சுது?”

“குடைக்காரர் கணக்கை இன்னும் மூடலைங்க.”

“அடக் கடவுளே! செத்தவருக்கா ஆறு மாசமா கட்டிட்டு இருக்கோம்? மொதல்ல அதை எடு.”

குடைக்காரர் பழைய சூப்பர்வைசர். வெயிலோ மழையோ, கக்கத்தில் குடை இருக்கும். செத்த அன்று காலை ஏழு பத்துக்கு அவர் ஒரு புகார் அனுப்பியிருந்தார்: ‘படம் போகல. ரெண்டாவது மாடி முட்டுக்கம்பி சாஞ்சிருக்கு. பாத்துட்டுச் சொல்லுங்க.’

சாய்ந்த கம்பியைப் போனில் படமெடுத்து ஆபீசுக்கு அனுப்ப முடியவில்லை என்பதுதான் புகார். செலவைக் குறைக்க கம்பெனி அவனுடைய மலிவுத் திட்டத்துக்கு மாறிய மாதம் அது. ஒன்பதுக்கு முன்னால் வரும் புகாரைத் தொட்டால் தனிக் கட்டணம். கம்ப்யூட்டர்காரன் படித்தான், ஒன்பதுக்குப் பார்க்கலாம் என்று ஒதுக்கினான். எட்டரைக்கு, அந்தக் கம்பிகள் தாங்கிய தளம் குடைக்காரர் மேலேயே இறங்கிவிட்டது. அப்புறம் அந்தப் புகாரையே அழித்தான். இன்றுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை.

உள்ளறையில் உட்கார்ந்து கணக்கை மூடினான். எண்ணிக்கை நாற்பதாக இறங்கியது.

ஜன்னல் இல்லாத அறை அது. எங்கிருந்தோ ஈர சிமெண்ட் வாடை வந்தது.

மணி ஏழு பத்து.

திரையில் ஒரு புகார் விழுந்தது. அனுப்பியவர்: குடைக்காரர்.

‘படம் போகல. நாலாவது மாடி முட்டுக்கம்பி சாஞ்சிருக்கு. பாத்துட்டுச் சொல்லுங்க.’

நாலாவது மாடி.

அங்கே இப்போது சூப்பர்வைசர் அவன் தங்கை புருஷன். வேலை வாங்கிக் கொடுத்ததே இவன்தான். கை தானாகப் போனை எடுத்தது.

“என்ன மச்சான், காலங்காத்தால?”

“மாப்ளே, நாலாவது மாடியில வேலை நடக்குதா?”

“மேல் தளத்துக்குக் கான்கிரீட் போட்டுட்டு இருக்காங்க. நான் கீழ டீ குடிச்சிட்டு இருக்கேன். ஏன்?”

ஆளையெல்லாம் இறக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பழைய புகாரும் வெளியே வரும்.

“ஒண்ணுமில்ல. எதுக்கும் அந்த முட்டுக்கம்பிங்களை ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லு.”

சொன்ன பிறகுதான், யாருடைய வார்த்தையைச் சொன்னோம் என்பது உறைத்தது.

“இதோ போறேன். லைன்லயே இருங்க.”

படியேறும் செருப்புச் சத்தம். மூச்சு வாங்கும் சத்தம். அப்புறம் மாப்பிள்ளையின் குரல் தணிந்தது.

“மச்சான், ஒண்ணு சாஞ்சுதான் இருக்கு. ஆனா… இங்க யாரோ குடையோட நிக்கிறாங்க.”

“வெளிய வா! மாப்ளே, வெளிய வாடா!”

பெரிய சத்தம்கூட இல்லை. யாரோ மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒன்று. பிறகு போன் ஊமையாகிவிட்டது.

மேலே நின்றவர்கள் அடிபட்டுப் பிழைத்தார்கள். தளத்துக்கு அடியில் போனவன் ஒருவன்தான்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் தங்கை அவன் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவள் கும்பிடாத குறையாக, “அவரு கடைசியா என்னண்ணே பேசினாரு?” என்று கேட்டாள். “சும்மாதாம்மா” என்றான். அழுகை வரவில்லை; வந்திருந்தால் தேவலை என்று நினைத்தான். மாப்பிள்ளையின் கணக்கையும் அவனே மூடினான். முப்பத்தொன்பது.

அடுத்த நாள் காலை வீட்டிலேயே பில் போட உட்கார்ந்தபோது எண்ணிக்கை நாற்பத்தொன்றாக இருந்தது.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. மணி ஏழு பத்து.

‘படம் போயிடுச்சு மச்சான். பாத்துட்டுச் சொல்லுங்க.’

“யாருண்ணே, இவ்வளவு காலையில?” உள்ளேயிருந்து தங்கை கேட்டாள்.

“கம்பெனிதாம்மா.”

தினமும் வருகிறது. அந்தப் படத்தை அவன் இன்னும் திறக்கவில்லை.