மந்திராவின் கைவேலை

வார்னிஷ் பூசிப் பல வருடமாகக் காய்ந்து கிடந்த ஹில்சா மீன் செதில்களிலிருந்து அன்று மத்தியானம் பச்சை மீன் வாடை வந்தது.

நிருபம் லாஹிரி குனிந்து முகர்ந்தார். வெளியே கொல்கத்தாவின் சிராவண மாதத்து மழை சன்னல்களை அறைந்துகொண்டிருக்க, டிராம் ஒன்று மணியடித்தபடி தண்ணீருக்குள் ஊர்ந்து போனது. சாயங்காலம் கண்காட்சித் திறப்பு. அவருடைய கலை வாழ்க்கை முழுதும் மூன்று அறைகளில் இருந்தது. முதல் அறையில் சணலும் கிழிந்த சேலைகளும் நதியாக ஓடின. அடுத்ததில் செதிலும் கரிப்பிடித்த சட்டிகளும் அடுக்களையைச் சொல்லின. கடைசி அறையில் பெண் கூந்தல், சுண்ண அச்சில் வார்த்த கைகள், மூடிய கதவுகள். எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து. செய்தவள், செத்துப்போன அவர் மனைவி மந்திரா.

"என்ன ஜமாய்பாபு, மீன் வாங்க வந்தீங்களா?"

திடுக்கிட்டுத் திரும்பினார். மந்திராவின் தங்கை ஜுமுர் குடையை உதறிக்கொண்டு நின்றாள்.

"நீ எதுக்கு வந்தே? திறப்பு சாயங்காலம்தானே."

"அக்காவைப் பார்க்க வந்தேன். இங்கதானே மாட்டி வச்சிருக்கீங்க."

"ஆரம்பிச்சுட்டியா? அவ கூடமாட ஒத்தாசை பண்ணினா. அவ்வளவுதான்."

"அப்படியா! அப்போ சொல்லுங்க, கடைசி அறையில இருக்கிற கூந்தலை எதைப் போட்டு ஒட்டினீங்க? பத்திரிகைக்காரங்க கேப்பாங்களே."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி விடுங்க. வேலை முடியட்டும்னு ஜுரத்தோட மொட்டைமாடி அறையில அவளைப் பூட்டினீங்களே. அவ கதவைத் தட்டினது கீழே கேட்டுச்சா?"

"மழை. மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"இன்னைக்கும் மழைதான்" என்று சொல்லிவிட்டு ஜுமுர் போனாள்.

சற்று நேரத்தில் மின்சாரம் போயிற்று. மேகம் கவிந்த சாம்பல் வெளிச்சத்தில், முதல் அறையிலிருந்து சணல் ஊறிய குளத்தின் நாற்றம் மெல்லக் கிளம்பி, அடுக்களைப் புகையோடும் மஞ்சள் தடவிய மீனின் வாடையோடும் கலந்து, பிறகு மந்திரா தலைக்கு வைக்கும் எண்ணெயின் மணமாகி அவர் முகத்தருகே வந்து நின்றது. வாசலுக்கு விரைந்தார். கதவு அசையவில்லை. தட்டினார். கத்தினார். மழைதான் பதில் சொன்னது.

பின்னால் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது. திரும்பினார். சேலைத் துணிகளிலிருந்து சேற்று நீர் வழிந்து தரையில் பரவியிருந்தது. அதில் கூந்தல் மிதந்து வந்தது. கணுக்காலைச் சுற்றியது. வெதுவெதுப்பாக.

கடைசி அறையில் வெண்கைகள் விரல்களை மடக்கி நீட்டின.

"மந்திரா, நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். உன் பேரைச் சொல்லிடறேன்!"

ஈரச் சுண்ணம் வாயை அடைத்தது. ஊசி. உதட்டில் முதல் தையல். அவசரமில்லாத கை. பழகிய கை. செதில் ஒன்று கன்னத்தில் ஒட்டியது. அழுத்தியது. அடுத்தது.

சாயங்காலம் விளக்குகள் எரிந்தபோது கூடம் நிறைய ஆட்கள். தரை காய்ந்திருந்தது. கடைசி அறையின் சுவரில், மனித உயரத்தில் புதிதாக ஒரு படைப்பு. எல்லோரும் அதன் முன் கூடினார்கள். யாரோ விரலால் தொட்டு, "அசல் தோல் மாதிரியே இருக்கு! நிருபம்-தா எங்கே போயிட்டார்?" என்றார். நிருபம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலறினார். தொண்டைக்குள்ளேயே அது சுண்ணத்தில் முட்டி நின்றது.

கூடத்துப் பணியாளர் தபன் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஒரு பக்கம் சரிஞ்சிருக்கே, தீதி."

"ஆமா, தபன்-தா" என்றாள் ஜுமுர். "இன்னொரு ஆணி அடிச்சிடுங்க. நீளமா எடுங்க."

தபன் ஏணி போட்டு ஏறினார். விரிந்து கிடந்த உள்ளங்கையின் நடுவே ஆணியின் முனையை வைத்து, குறி பார்த்து, சுத்தியலை ஓங்கினார். செதில்களுக்கிடையே இரண்டு கண்கள், இமைக்க முடியாமல், நனைந்து மின்னின.