துண்டு சிவந்த பேரம்

சந்தை வாசலில் தரகர்களுக்கு ஆளுக்கொரு வெப்பத்துண்டு கொடுப்பார்கள். மாட்டு வியாபாரம் என்றால் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேச வேண்டும். அந்த வழக்கத்தை எந்த ரோபோவாலும் அசைக்க முடியவில்லை. மாறியது துண்டு மட்டும். அதன் உணரி இழைகள் ஊசி குத்தாமல், தோலைக் கீறாமல், ஒவ்வொரு விரல்முட்டின் சூட்டையும் படித்துக்கொண்டே இருக்கும். ஏதாவதொரு முட்டு மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால், அங்கே வலி என்று துண்டு சிவந்து காட்டும்.

மாட்டுத் தரகு பார்க்கும் வேலாத்தாள் துண்டை வாங்கும் முன் இளநீர்க் கடை ஐஸ் பெட்டிக்குள் வலது கையை விட்டு, மரத்துப் போகும்வரை வைத்திருந்தாள். சில வருடமாகவே காலையில் நடுவிரல் மடங்குவதில்லை. வயதாகிவிட்டது என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். கயிறு பிடிக்க முடியாத கைக்குக் காளை எதற்கு? மயிலைக் காளையைத் தள்ளிவிட்டு, தொழிலுக்கும் இன்றோடு முழுக்குப் போடுவதென்று வந்திருந்தாள். அதுவரை துண்டு சிவக்கக் கூடாது. சிவந்தால் பேரம் செல்லாது.

அந்தச் சட்டம் வந்ததற்கே செம்மலை போன்ற வியாபாரிகள்தான் காரணம். எதிராளிக்கு எந்த முட்டில் வலி என்று தெரிந்துகொண்டு அங்கே மெல்ல ஓர் அழுத்து அழுத்தினால் விலை தானாக இறங்கும். முகத்தில் மட்டும் பாசம் வழியும். வலியில் கொடுத்த வாக்கு வாக்கல்ல என்று அரசாங்கம் ஒருவழியாகக் கண்டுபிடித்தது.

அன்று மயிலையை விலை பேச வந்தவனும் செம்மலைதான். துண்டுக்குள் கையை விட்டதும் துணுக்குற்றான்.

"என்னுங்க்கா, கை பொணத்தாட்டம் சில்லுனு இருக்குது?"

"எங்கையோட சூடு உனக்கெதுக்கு? வெலையச் சொல்லு."

அவன் சொன்ன விலை காளையின் வாலுக்குக்கூடக் காணாது. அவள் ஏற்றிக் கேட்டாள். அவன் நடுவிரலைத் தேடிப் பிடித்தான். முடித்துத் தொலைப்போம் என்று அவள் தலையசைக்கப் போன நேரத்தில் துண்டின் நடுவே சிவப்பாக ஒரு வட்டம் எழுந்தது.

ஐஸ்தான் காட்டிக்கொடுத்தது. மற்ற முட்டுகள் இன்னும் குளிரில் உறங்கிக்கொண்டிருக்க, வீங்கிய முட்டு மட்டும் முந்திக்கொண்டு சூடேறி, இருட்டில் அடுப்பு மாதிரித் தனியாகத் தெரிந்துவிட்டது.

சந்தை மருத்துவர் வந்து துண்டை விரித்துப் பார்த்தார். விரலில் கையடக்க ஸ்கேனரையும் ஓட்டினார். வயதும் இல்லை, கிழமும் இல்லை, இது மூட்டழற்சி என்றார். எலும்பை அது இன்னும் தொடவில்லை, மருந்துக்கு அடங்கும். மருந்தோடு, இந்தத் துண்டை வீட்டுக்கு எடுத்துப்போய் தினமும் கையில் சுற்றிக்கொண்டால் போதும், சூடு இறங்குவதைத் தன் அறையிலிருந்தே கவனித்துக்கொள்வாராம்.

"அப்பறம் கயிறு புடிக்கலாமுங்களா?"

"தாராளமா. ரெண்டு மாசம் போகட்டும்."

"ஒண்ணரையாக்குங்க."

இதில் பேரம் கிடையாது என்று மருத்துவர் சிரித்தார். வேலாத்தாள் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். பல வருட மூச்சு ஒரே மூச்சாக வெளியே வந்தது.

செம்மலை கிட்டே வந்து, விலையை ஏற்றித் தருவதாகக் குழைந்தான். அவள் மசியாததைக் கண்டு இன்னும் கொஞ்சம் ஏற்றினான்.

"காளைய விக்கறதா யாரு சொன்னா? கயித்தப் புடிச்சு வண்டியில ஏத்து சாமி. டாக்டர் என்னையக் கயித்தத் தொடக் கூடாதுன்னுட்டாரு."

வாங்க வந்தவன் வாங்காத காளையை இழுத்துக்கொண்டு நடந்தான். பின்னால் வேலாத்தாள், இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு, அவன் கயிறு பிடிப்பதில் குற்றம் சொல்லிக்கொண்டே போனாள்.