மொச்சைக்கொல்லை நெருப்பு

கண்ணெதிரே கொதிக்கக் கொதிக்க ஆற்றிக் கொடுத்த டீ, உதட்டில் பட்டதும் கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

டீக்காரர் ஏமாற்றுகிறார் என்று சைலஸ் நினைத்தான். ஜமுனாமரத்தூர் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிர்க் கடை. டிசம்பர் இருபத்து நாலு, சாயங்காலம் நாலு மணி. கண்ணாடி டம்ளரில் ஆவி பறந்துகொண்டுதான் இருந்தது, இஞ்சி வாசனை மூக்கில் ஏறியது, ஆனால் தொண்டையில் இறங்கியதோ ராத்திரி முழுக்க வெளியே வைத்த தண்ணீர். ஆறிப்போன டீயைக் கொடுத்தால் எப்படி என்று டம்ளரைத் திருப்பி நீட்டினான். கடைக்காரர் பஞ்சாட்சரம் அதை வாங்கியவர், விரலை உதறிக்கொண்டு பலகையில் வைத்தார்.

"இன்னா சார், நாக்கு மரத்துப்போச்சா? கைல புடிக்க முடியல, ஆறிப்போச்சுன்றீங்க."

பிறகு அவனை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். போன வருசம் படம் பிடித்துப் போட்ட சார்தானே என்றார். "இந்த வருசமாச்சும் ஸ்னோ நல்லா கொட்டுமா? முன்னாடியே சொல்லிடுங்க சார், டீக்கடைய மூடிட்டு ஸ்வெட்டர் கடை போட்டுடறேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சைலஸும் சிரித்தான். சிரிக்கும்போது பல்லில் காற்று பட்டுக் கூசியது.

அவன் கணியம்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். வானிலை படித்தவன் இல்லை. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போனில் காற்று வரைபடங்களைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டவன். 'மலையோர வானிலை' என்று அவன் நடத்தும் பக்கத்தை நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். அவர்கள் எல்லாருக்கும் ஒரே ஆசை. கிறிஸ்துமஸ் அன்று நம் பக்கத்து மலை ஒன்று வெள்ளையாக வேண்டும். ஜவ்வாது மலையில் ஸ்னோ விழாது என்பது சைலஸுக்குத் தெரியும். ஆனால் உறைபனி இறங்கலாம். பொழுது விடிகிற நேரத்தில் புல்மேல் ஒரு முழ அகலத்துக்கு வெள்ளை படிந்தால் போதும், கேமராவைத் தரையோடு தரையாக வைத்து எடுத்தால் உலகமே வெள்ளையாகத் தெரியும்.

போன வருசம் அப்படித்தான் எடுத்தான். அந்தப் படத்தை எடுத்த கதையை அவன் யாருக்கும் சொல்லவில்லை.

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, சுற்றிலும் மேடு, நடுவில் கிண்ணம் மாதிரி பள்ளம். அதில் அர்ச்சுனனின் மொச்சைக்கொல்லை. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேகம் இல்லாமல், காற்று அசையாமல், நெருப்போ புகையோ இல்லாமல் இருந்தால் தரை உறையும். மற்றதெல்லாம் அமைந்திருந்தது. நெருப்பு மட்டும் இருந்தது. காட்டுப்பன்றிக்குக் காவல் இருந்த அர்ச்சுனன், கொல்லை நடுவே குடிசை வாசலில் கட்டையைப் போட்டு எரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அணைத்துவிடச் சொன்னதற்கு, நெஞ்சில் சளி, இருமல், நெருப்பு இல்லாமல் முடியாது என்று கும்பிட்டார். சைலஸ் அவருக்கு ஒரு குவார்ட்டர் பிராந்தி கொடுத்தான். அவர் குடித்துச் சுருண்டதும் குடத்துத் தண்ணீரை நெருப்பில் ஊற்றினான். மீதித் தண்ணீரை அடுக்கியிருந்த விறகின்மேல் ஊற்றினான். தீப்பெட்டியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். விடிந்ததும் முதலில் புல்லைப் படம் எடுத்தான். அப்புறம்தான் குடிசைக்குப் போய் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தான். கூட வந்திருந்த பிரகாஷ், ஊருக்குள் போய்ச் சொல்லலாம் என்று அழுதான். சைலஸ் பைக்கை எடுத்தான்.

குடித்துவிட்டுக் குளிரில் செத்துப்போனார் என்று ஊர் பேசிக்கொண்டது. படத்தை நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள்.

இந்த வருசமும் எல்லா வரைபடமும் அதே பள்ளத்தைத்தான் காட்டின. வறண்ட காற்று, தெளிந்த வானம். பிரகாஷ் வர மறுத்துவிட்டான். காலை நாலரை ஆராதனைக்கு வந்து சேராவிட்டால் வூட்டுப் பக்கமே வரவேண்டாம் என்று மனைவி ஜெனிலா சொல்லி அனுப்பியிருந்தாள்.

பைக்கைக் கொல்லை மேட்டில் நிறுத்திவிட்டு, கருவிப்பெட்டியை அவிழ்க்கக் குனிந்தபோது கருகல் வாசனை வந்தது. தோல் கருகுகிற வாசனை. பார்த்தால், மலையேறி வந்து கொதித்துக்கொண்டிருந்த சைலன்சரில் அவனுடைய கெண்டைக்கால் ஒட்டியபடி இருந்தது. இழுத்தான். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து தொங்கியது. வலிக்கவில்லை. சுடவும் இல்லை. ஈரத்துணியைச் சுற்றியது போல அந்த இடம் ஜில்லென்று மட்டும் இருந்தது.

கைக்குட்டையால் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தான். தெர்மாமீட்டர் பெட்டியை நட்டான். தரைச் சூட்டை அளக்கும் துப்பாக்கி போன்ற கருவியை எடுத்து மண்ணை நோக்கி அழுத்தினான். பத்தொன்பது டிகிரி. மொச்சை இலை பதினேழு. இவ்வளவு அதிகமாக இருக்கக்கூடாதே என்று வானத்தைப் பார்த்தான். எந்த வரைபடத்திலும் இல்லாத மேகம், கிழக்கிலிருந்து மெதுவாக, கம்பளியை இழுத்துப் போர்த்துகிற மாதிரி பள்ளத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. மேகம் மூடினால் தரை குளிராது. இன்றைக்கு உறைபனி கிடையாது. எல்லாம் வீண்.

அப்படியென்றால் எனக்கு ஏன் இப்படி நடுங்குகிறது?

இரண்டு ஸ்வெட்டர், குல்லா, கையுறை. நடுக்கம் வெளியிலிருந்து வரவில்லை. எலும்புக்குள்ளிருந்து, முதுகுத்தண்டின் அடியிலிருந்து, யாரோ குடத்தைச் சாய்த்து நிதானமாக ஊற்றுவது போல ஏறிக்கொண்டிருந்தது. வெறும் வேடிக்கைக்குச் செய்வதாகத் தனக்கே சொல்லிக்கொண்டு, கையுறையைக் கழற்றி, கருவியைத் தன் உள்ளங்கைக்கு நேராகப் பிடித்தான்.

இருபத்து நாலு. முப்பதுக்கு மேல் காட்டவேண்டிய கை.

கருவி கெட்டுவிட்டதா என்று மண்ணைப் பார்த்தான். பதினெட்டு, சரியாகத்தான் இருந்தது. மறுபடி கை. இருபத்தொன்று.

பொழுது சாய்ந்தது. பூச்சிகள் கத்த ஆரம்பித்தன. எங்கோ தூரத்தில் மாதா கோயில் ஸ்பீக்கரில் கிறிஸ்துமஸ் பாட்டு விட்டுவிட்டுக் கேட்டது. பிரகாஷுக்குப் போன் போட்டான். நாலாவது முறை எடுத்தான். எங்கே இருக்கிறாய் என்று மட்டும் கேட்டான். அதே கொல்லையில் என்றான் சைலஸ்.

"அண்ணே, எறங்கி வந்துடு. இப்பவே. பெட்டி கிட்டியெல்லாம் அங்கியே போட்டுட்டு வந்துடு."

"இன்னாடா ஆச்சு?"

"யார்ண்ணே ஒன் பக்கத்துல இருமறது?"

சைலஸ் திரும்பிப் பார்த்தான். மொச்சைக்கொடிகள். அதற்கப்பால் இருட்டு. யாரும் இல்லை. போனைக் காதில் வைத்தபோது லைன் அறுந்திருந்தது.

கருவியை மறுபடியும் கைக்கு நேராகப் பிடித்தான். பதின்மூன்று. மண்ணைவிடக் கீழே. உயிரோடு இருக்கிற உடம்பு மண்ணைவிடக் குளிர்ந்து போக முடியாது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். பைக்குக்கு ஓடினான். சாவியைத் திருகப் பார்த்தான். விரல்கள் மடங்கவில்லை. பத்து விரலும் பத்துக் குச்சிகளாக நீட்டிக்கொண்டு நின்றன. உள்ளங்கைகளால் சாவியை அமுக்கி, பல்லால் கடித்து இழுத்து, அழுதேவிட்டான்.

அப்போதுதான் கொல்லை நடுவே நெருப்பு தெரிந்தது.

நல்ல பெரிய நெருப்பு. கட்டைகள் வெடிக்கிற சத்தம் மேட்டுவரைக்கும் வந்தது. அதே குடிசை வாசல். போகக்கூடாது என்று மனசு சொல்லியது. கால் போனது. உலகத்தில் அவனுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான்.

நெருப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குந்தியிருந்தாள். அர்ச்சுனனின் மனைவி கெங்கம்மாள். போன வருசம் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவள்.

"வாங்க சார். ஒக்காருங்க."

கொஞ்ச நேரம் குளிர்காய்ந்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று சைலஸ் குழறினான்.

"காயுங்க. அதுக்குத்தான் வச்சிக்கீறேன்."

அவன் உட்கார்ந்து கைகளை நீட்டினான். வெளிச்சம் முகத்தில் அடித்தது. புகை கண்ணைக் கரித்தது. சூடு மட்டும் இல்லை. சுவரில் வரைந்த நெருப்பின் முன்னால் உட்கார்ந்தது போல இருந்தது. எதிரே கெங்கம்மாளின் நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"ஒரு வருசமா இங்க நெருப்பு வைக்கல சார்," என்றாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "பன்னி வந்து பாதி கொல்லையத் தின்னுச்சு. தின்னட்டும்னு வுட்டுட்டேன். இன்னிக்குத்தான் வச்சேன்."

ஏன் என்று கேட்க நினைத்தான். தாடை திறக்கவில்லை.

"அன்னிக்கு வெறகெல்லாம் ஈரமா கெடந்துச்சு. மழ இல்ல. அடிக்கட்ட வரைக்கும் ஈரம். தீப்பெட்டியக் காணோம். நான் ஊர்ல யார்கிட்டயும் சொல்லல. சொன்னா இன்னா ஆவப்போவுது? குடிகாரன் பொண்டாட்டின்னு சிரிப்பாங்க." ஒரு கட்டையை எடுத்து முழங்காலில் வைத்து ஒடித்தாள். "அவர்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். பொதைச்ச எடத்துல தெனைக்கும் போய் ஒக்காந்து சொன்னேன்."

இன்னான்னு, என்று கேட்டது சைலஸின் உதடு மட்டும்தான். சத்தம் வரவில்லை. அவளுக்குப் புரிந்தது.

"ஒத்தையில போவாதன்னு."

இருமல்.

இடது பக்கம். மிக அருகில். சளி கட்டிய, நெஞ்சைப் பிளக்கிற இருமல். வைக்கோல் நசுங்கியது. யாரோ உட்கார்ந்தார்கள். ஈரச்சாம்பல் வாசனை. பிராந்தி வாசனை. சைலஸ் திரும்பவில்லை. திரும்ப முடியாது. கழுத்து உறைந்துவிட்டது. ஒரு தோள் அவன் தோளோடு ஒட்டியது. குளிருக்கு ஒண்டுகிற மாதிரி. அவனிடம் மீதி இருந்த சூட்டையும் அந்தத் தோள் உறிஞ்சியது.

நெருப்பு எதிரே இருந்தது. ஒரு முழம்.

கையை நீட்டினான். இல்லை. சூடு இல்லை.

இன்னும் நீட்டினான்.

கெங்கம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் கிட்டப் போங்க சார்."

மறுநாள் காலை கெங்கம்மாள் ஊருக்குள் போய், கொல்லையில் ஒரு சார் உட்கார்ந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னாள். ஏழெட்டுப் பேர் வந்து பார்த்தார்கள். இரவு மேகம் கலையவே இல்லை. பெட்டியில் இருந்த தெர்மாமீட்டர், ராத்திரியின் குறைந்த அளவாகப் பதினாறு டிகிரியைக் காட்டியது. புல் காய்ந்து கிடந்தது. சைலஸ் கண்ணைத் திறந்தபடி குந்தியிருந்தான். இரண்டு கைகளும் மணிக்கட்டுவரை தணலுக்குள் கிடந்து கரியாகியிருந்தன. தலைமுடி, புருவம், மீசை, ஸ்வெட்டர் எங்கும் உறைபனி ஒரு விரல் கனத்துக்கு வெள்ளையாகப் படிந்திருந்தது. போலீஸ் வந்து சேர்ந்தபோது மணி பத்தரை, நல்ல வெயில். அது உருகவில்லை.